பதினாறு பேருக்குக் கீழே

அப்பா இன்னொருவரிடமும் சொல்லிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் வண்டி கிளம்பியதிலிருந்து இவர் நாலாவது ஆள். நான் முன்பக்கம் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் இருக்கிறேன், அவர் பின்வாசல் பக்கம் நிற்கிறார், நடுவே முப்பது தலைகள், இஞ்சின் இரைச்சல், யாரோ கூடையில் கொண்டுவந்த கோழியின் முனகல், இவ்வளவையும் தாண்டி அந்த வாக்கியம் மட்டும் சிந்தாமல் சிதறாமல் என் காதுக்கு வந்துவிடுகிறது. "முன்னால ஜன்னல் பக்கம் இருக்கால்லா, நம்ம பொண்ணுதான். டாக்டருக்குப் போறா." போறா. போகலாம் என்றில்லை, போனாலும் போவாள் என்றில்லை, போறா. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது கூடவே என்னையும் கிழித்துக் கொடுக்கிறார். வாங்கியவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நான் வெளியே பார்க்கிறேன். வயல், வாய்க்கால், மறுபடி வயல். மடியில் என் போன். மணி மூன்று முப்பத்தைந்து. ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும். போனில் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் எழுத்து மாறுவதில்லை. சொ. ஆவுடைச்செல்வி, பி.எஸ்ஸி. நர்சிங், அரசுக் கல்லூரி, இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, சம்மதம் தெரிவிக்கக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், சம்மதித்தால் மருத்துவப் படிப்புக்கான காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், அந்த நம்பரைப் போட்டால் காரியம் முடிந்தது. நம்பர் என் போனுக்கு வராது. அப்பாவின் போனுக்கு வரும். அந்தப் போன் அவருடைய காக்கிச் சட்டைப் பையில், பட்டன் போட்டு, பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் நான் இந்த பஸ்ஸில் இருக்கிறேன். திருநெல்வேலியில் எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. சர்டிபிகேட் எல்லாம் வைக்க நல்லதாக ஒரு ஃபைல் வாங்கணும்ப்பா என்று காலையில் சொன்னேன், நம்ம வண்டியிலயே வா தாயி என்றார், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

விண்ணப்பம் போட்ட அன்றைக்கு பிரவுசிங் சென்டர் அண்ணன் போன் நம்பர் சொல்லும்மா என்று கேட்டபோது என் வாயில் அப்பா நம்பர்தான் வந்தது. என் நம்பர் எப்போது உயிரோடு இருக்கும், எப்போது ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும் என்று எனக்கே தெரியாது. அதோடு, நல்ல செய்தி முதலில் அவருக்குப் போகட்டும் என்று ஒரு ஆசை. ஆசையா அது, திமிர். நல்ல செய்தி மட்டும்தான் வரும் என்கிற திமிர். பன்னிரண்டு வருஷமும் அரசுப் பள்ளி, எப்போதும் முதல் ரேங்க், பயாலஜி மிஸ் என் பேப்பரை மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவார், அந்தத் திமிர். பட்டியல் வந்தது பதினோரு நாளைக்கு முன்னால். வந்தது ஒன்றில்லை, இரண்டு. முதல் ஃபைல் இடம் கிடைத்தவர்களுடையது, அதில் தேடினேன், இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன், இல்லை. இரண்டாவது ஃபைலில் இருந்தேன். காத்திருப்போர் பட்டியல், வரிசை எண் பதினேழு. அப்பாவுக்குப் போன் போட்டேன். டியூட்டியில் இருந்தார். "அப்பா, லிஸ்ட்ல பேரு வந்திருக்கு" என்றேன். சத்தியமாக அடுத்த வார்த்தையாக ஆனா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அப்பா, "எம் புள்ள பேரு லிஸ்ட்ல வந்துட்டு!" என்று வண்டி அதிரக் கத்துகிறார், யாரோ கை தட்டுகிறார்கள், எல்லாரும் தட்டுகிறார்கள், டிரைவர் அந்தோணி மாமா விடாமல் ஹாரன் அடிக்கிறார். போன் வழியாக ஒரு பஸ் நிறையக் கைத்தட்டல் வந்தது. அதன் நடுவில் ஆனா என்று எப்படிச் சொல்வது? ராத்திரி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ராத்திரி அவர் அல்வாவோடு வந்தார். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அம்மா தெரு முழுக்க அந்த அல்வாவைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து முடித்திருந்தாள். நான் பொய் சொல்லவில்லை. லிஸ்ட்தான், பேர்தான், வந்ததுதான். ஒவ்வொரு சொல்லும் நிஜம். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது, ஏனென்றால் இதைத் தயாராக வைத்திருக்கிறேன், மாட்டிக்கொண்டால் நான் எங்க பொய் சொன்னேன் என்று கேட்பதற்காகவே பதினோரு நாளாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி வரப்போகிறது. குனிந்துகொள்ளலாமா? செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் தாண்டிவிடலாம். போன தடவை அப்படித்தான் செய்தேன். இந்தத் தடவை குனியவில்லை, பார்த்துவிட்டேன். ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடைக்கு மேலே நான் நிற்கிறேன், பத்தடி அகலம். அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து கட்டிய ஃப்ளெக்ஸ். எங்கள் கிளையின் பெருமை, மருத்துவர் சொ. ஆவுடைச்செல்வி. மருத்துவர் என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள், ஐந்தரை வருஷம் படிக்கும் வேலையை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மிச்சம் பண்ணிவிட்டார். ஹால்டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ அது, ரெட்டைச் சடை, பள்ளிக்கூடச் சட்டை. அதன் கழுத்தில் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டெதஸ்கோப்பை மாட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் காலருக்கு உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் சடைக்கு மேலேயே போகிறது. முகத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். அந்த வெள்ளைப் பெண் என்னைத் தவிர எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே வரிசையாகப் பதினைந்து பேர் போட்டோ, நடுவில் அப்பா, மீசையை முறுக்கிவிட்டு. அந்தோணி மாமா அந்த இடம் வந்ததும் ஒரு ஹாரன் அடிக்கிறார், தேவையே இல்லாத ஹாரன், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். நானும் சிரிக்கிறேன். சிரிப்பதற்கு என் முகம் நன்றாகப் பழகிவிட்டது. அந்த ஃப்ளெக்ஸை எப்படி இறக்குவார்கள்? யார் ஏணி கொண்டுவந்து ஏறுவார்கள்? அப்பா கீழே நின்று பிடிப்பாரா? மழை பெய்து கிழிந்தால் தேவலை. காற்றடிக்கட்டும் என்று வேண்டுகிறேன், பிறகு எத்தனை பேருக்கு ஓடு பறக்கும் என்று நினைத்து வேண்டுதலை வாபஸ் வாங்குகிறேன். இந்த மாதிரி வேண்டி வாபஸ் வாங்குவதே இப்போது என் முழுநேர வேலை.

யூடியூபில் ஒருவர் சொன்னார், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்களா, கவலை வேண்டாம், இந்த ஐந்தைச் செய்யுங்கள் என்று. கோட்டு போட்டுக்கொண்டு, பின்னால் செயற்கைப் பூச்செடி வைத்துக்கொண்டு சொன்னார். தினமும் இணையதளத்தைப் பாருங்கள். சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கி வையுங்கள். கூப்பிட்டால் அன்றைக்கே போகத் தயாராக இருங்கள். வேறு படிப்புக்கும் போட்டு வையுங்கள். ஐந்தாவது, மனம் தளராதீர்கள். முதல் நாலையும் செய்துவிட்டேன். நாலாவது, பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னாரே என்று விண்ணப்பம் போட்ட அன்றைக்கே செய்தது, அதனால்தான் இப்போது இந்தப் பச்சைப் பொத்தான். ஆனால் டீக்கடைக்கு மேலே தொங்குகிறவளை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. கமெண்டில் கேட்கலாம் என்று நினைத்தேன். பதினேழாவது எண்ணுக்குக் கிடைக்குமா சார் என்று யாரோ ஏற்கனவே கேட்டிருந்தார்கள், யாரோ என்ன, நான்தான், வேறு பெயரில். வாய்ப்பு குறைவு, மாற்று வழி பாருங்கள் என்று பதில் வந்திருந்தது. போன வருஷம் ஏழாவது ஆளோடு நின்றுவிட்டதாம். ஏழு எங்கே, பதினேழு எங்கே. கணக்கில் நான் சதமடித்தவள், இந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை.

வீரவநல்லூரில் பக்கத்து சீட் காலியாகி ஒரு அம்மா வந்து உட்காருகிறாள். ஐம்பது வயது இருக்கும், முந்தானையால் வாயை மூடி இருமுகிறாள், மடியில் பெரிய பழுப்பு கவர். அப்பா இங்கேயும் வந்து பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போகிறார். ஐந்தாவது ஆள். அவர் வந்து பக்கத்தில் நின்றபோது கேட்டிருக்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சட்டைப் பை, அப்பா போனைக் கொஞ்சம் குடுங்க, இவ்வளவுதான். என்னத்துக்கு என்று கேட்பார். ஒரு நம்பர் வரும்ப்பா. என்ன நம்பர்? அங்கே போய் நின்றுவிடுகிறது. அவர் அதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். "டாக்டருக்காம்மா படிக்க?" என்று அந்த அம்மா கேட்கிறாள். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டுகிறேன், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். "நல்லாரு தாயி. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். ரெண்டு மாசமா இருமலு. இங்கன ஆஸ்பத்திரில படம் புடிச்சாவ, ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ, பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு மட்டும் எழுதிக் குடுத்தாவ. எங்கொழுந்தன் ஜங்ஷன்ல நிக்கான், நாளைக்குக் கூட்டிட்டுப் போவான்." கவரிலிருந்து எக்ஸ்ரேயை உருவி என் கையில் கொடுத்துவிட்டாள். தெரியாது என்று சொல்ல நாலு எழுத்து போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். டாக்டர்கள் பிடிப்பதுபோல. கண்ணைச் சுருக்கினேன். விலா எலும்புகள், நடுவில் நெஞ்சு, வலது பக்கம் மேலே புகைபோல ஏதோ. அதன் வழியே வயலும் தென்னையும் ஓடின. "சளிதான்மா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். அவள் முகம் அப்படியே இளகியது. மூச்சை விட்டாள். "எம் வயித்துல பாலு வாத்த" என்று என் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தக் கை இன்னும் சுடுகிறது. சளியா அது? எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போகாமல் இருந்துவிட்டால்? அந்தப் புள்ள சளின்னுதான் சொல்லிச்சு என்று வீட்டிலேயே கஷாயம் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால்? "நாளைக்குக் கண்டிப்பா போயிருங்கம்மா" என்கிறேன். "போவேன் போவேன்" என்கிறாள், இனிமேல் போனால் என்ன போகாவிட்டால் என்ன என்கிற குரலில். எக்ஸ்ரேயை என் மடியிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டாள், அவளிடம் இருந்தால் மடங்கிவிடுமாம்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. எனக்கு மேலே இருக்கும் பதினாறு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம். தலைகீழாகச் சொல்வேன். பதினாறாவது மெர்லின் ஜெபராணி. எனக்கும் அவளுக்கும் ஒரே மார்க், பிறந்த தேதியில் அவள் என்னைவிட எட்டு நாள் மூத்தவள், அதனால் மேலே. அவளை இன்ஸ்டாகிராமில் தேடிக் கண்டுபிடித்தேன். தம்பிக்கு முடி வெட்டிவிடும் வீடியோ போட்டிருந்தாள், தம்பி அழுகிறான், அவள் சிரிக்கிறாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, இவளுக்கு ஏதாவது ஆகாதா என்று நினைத்தேன். பெரிதாக எதுவும் வேண்டாம், சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை, கூப்பிடுகிற அன்றைக்கு ஒரு காய்ச்சல், வீட்டில் கல்யாணப் பேச்சு. பத்தாவது ஆள் ஒரு பையன், அவன் என்ஜினீயரிங்கில் நல்ல காலேஜுக்குப் போகட்டும் என்று நினைத்தேன், அது நல்ல எண்ணம் போல இருக்கும், ஆனால் இல்லை. பிள்ளையார் கோயிலில் பதினாறு சுற்றுச் சுற்றினேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெயர். படிப்பு நல்லபடியா முடியணும்னு சுத்துதா என்று பூ விற்கும் அக்காவிடம் அம்மா சொன்னாள். பதினெட்டாவது இடத்தில் இந்துஜா என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் எங்கேயோ ஒரு கோயிலைச் சுற்றுகிறாளோ என்னவோ, பதினேழு சுற்று, கடைசிச் சுற்றுக்கு என் பெயர். அதை நினைத்தால் கோபம்கூட வரவில்லை, அவளாவது ஃப்ளெக்ஸ் கட்டாமல் இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. அப்பா ரிசர்வ் கண்டக்டராக இருந்த காலத்தை அம்மா ஒரு தடவை சொன்னாள். நிரந்தர வண்டி கிடையாது, விடியுமுன் காக்கி போட்டுக்கொண்டு போய் டிப்போ பெஞ்சில் உட்கார வேண்டும், யாராவது வேலைக்கு வரவில்லை என்றால் இவருக்கு வண்டி, எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒருநாள் அப்பா துள்ளிக்கொண்டு வந்து, கண்டக்டர் ஐயம்பெருமாளுக்குக் காலு ஒடிஞ்சிட்டு, ஒரு மாசம் வண்டி நமக்குத்தான் என்று சொன்னாராம், சொல்லிவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாராம், சாப்பிடவே இல்லையாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன், அப்போது எனக்கு எட்டு வயது.

சேரன்மகாதேவியில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. எத்தனை வருஷம் இந்த நேரத்து வண்டியில் நானே புத்தகப் பையோடு பிதுங்கியிருக்கிறேன், யோசித்திருக்க வேண்டாமா? பைகளும் சாப்பாட்டுத் தூக்குகளும் வியர்வையும் ஏறி, நடுவழி அடைத்துவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதிய, லேய், பையக் கழட்டிக் கையில புடி." அப்பாவின் குரல் மட்டும் தெரிகிறது, ஆளைக் காணோம். மணி நாலு பதினெட்டு. அழுத்திவிட்டேன். பயத்தில்தான் அழுத்தினேன், யோசித்து அழுத்தவில்லை. நம்பர் அனுப்பப்பட்டது, பத்து நிமிடத்துக்குள் பதிவிடவும் என்று வருகிறது. அப்பாவின் சட்டைப் பையில் இப்போது மெசேஜ் வந்திருக்கும். அப்பா என்று ஒரு சத்தம் போட்டால் போதும். வாயைத் திறக்கிறேன். பக்கத்து அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாயை மூடுகிறேன். ஒன்பது நிமிடம். பத்தமடை தாண்டட்டும். ஏழு நிமிடம். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். யாரும் இறங்கவில்லை, இன்னும் நாலு பேர் ஏறினார்கள். நாலு நிமிடம். மூன்று. திரையில் நொடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறேன். நேரம் முடிந்தது என்று சிவப்பில் வந்துவிட்டது. ஒரு நம்பரை அப்பாவின் நெஞ்சிலேயே சாகவிட்டேன். இப்படியே விட்டுவிட்டால் என்ன? ஐந்து மணி ஆகிவிடும், நர்சிங் போய்விடும், அதைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது. பட்டியலில் பதினேழாவதாகவே இருக்கலாம். கடைசியில் கிடைக்கவில்லை என்றால் கவர்மெண்ட் ஏமாத்திட்டு என்று சொல்லலாம், அப்பா நம்புவார், டிப்போ முழுக்க நம்பும், ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வருவார்கள். இந்த யோசனை வந்ததும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது என்பதைக் கவனித்தேன். அந்த லேசுதான் என்னைப் பயமுறுத்தியது. நாலு வருஷப் படிப்பையும் ஒரு வேலையையும் ஒரு வாழ்க்கையையும் டீக்கடை ஃப்ளெக்ஸுக்காகத் தூக்கிக் கொடுக்கிற ஆள் நான் என்று தெரிந்துபோயிற்று. மடியில் எக்ஸ்ரே வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது. மணி நாலு நாற்பத்திரண்டு. மேலப்பாளையம் பக்கம் வண்டி ஊர்கிறது. மறுபடி அழுத்தினேன்.

"அப்பா!" யாருடைய குரல் இது, இவ்வளவு பெரியதாக? முன்பக்கம் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். "என்ன தாயி?" என்று பின்னாலிருந்து பதில் வருகிறது. "உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும்ப்பா. போனைக் குடுத்து விடுங்க." "வர முடியாது தாயி, கூட்டத்தப் பாத்தியா. என்ன நம்பரு, நானே படிக்கேன்." "வேண்டாம்ப்பா, போனைக் குடுங்க." "இரு தாயி, கண்ணாடியப் போடுதேன்." அப்பாவுக்கு எந்த மெசேஜையும் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும், கேஸ் புக்கிங் மெசேஜைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். அதுவும் ஸ்டாப் பெயர் சொல்லிப் பழகிய குரல். கூட்டம் அவருக்கு வழிவிட்டு அமைதியாவதுபோல் இருக்கிறது, டாக்டர் பொண்ணுக்கு ஏதோ நம்பர் வந்திருக்கு என்று யாரோ யாருக்கோ சொல்கிறார்கள். அப்பா ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லாக எட்டு வைத்து நடப்பதுபோல் படிக்கிறார். "யுவர்... ஓ.டி.பி.... ஃபார்... அக்செப்டன்ஸ் ஆஃப்... பி.எஸ்ஸி.... நர்சிங்... சீட்... ஈஸ்..." அதோடு நிறுத்திவிட்டார். இஞ்சின் ஓடுகிறது. பத்து வயது இருக்கும் ஒரு பெண், "நர்சிங்னா நர்சு தான அக்கா?" என்று தன் அக்காவிடம் கேட்கிறாள், அக்கா அவள் தொடையில் கிள்ளுகிறாள். அந்தோணி மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு உடனே ரோட்டைப் பார்க்கிறார். தலைகளுக்கு நடுவே இப்போது அப்பாவின் முகம் தெரிகிறது, மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அவர் புரியாமல் பார்க்கிறார், டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பதுபோல்கூட இல்லை, தப்பான வண்டியில் ஏறிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல். இனி சொல்லாமல் இருக்க இடமே இல்லை. எழுந்து நின்றேன். எக்ஸ்ரே நழுவியது, பிடித்துக்கொண்டேன். "எனக்கு டாக்டர் சீட் கிடைக்கலப்பா. வெயிட்டிங் லிஸ்ட்ல பதினேழு. அன்னைக்கே தெரியும். நான்தான் சொல்லல."

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அம்மா மெதுவாக என் கையிலிருந்து எக்ஸ்ரேயை வாங்கினாள். கோபமாக இல்லை, பிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கி, கவரில் போட்டு, கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அது சளியான்னு எனக்குத் தெரியாதும்மா. தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்குப் போயிருங்க" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். மணி நாலு நாற்பத்தெட்டு. நாலு நிமிடத்தில் இந்த நம்பரும் செத்துவிடும். அப்பா இன்னும் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நம்பரைச் சொல்லாமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் நான் ஒன்றும் கேட்க முடியாது, அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, பதினோரு நாளாக ஒவ்வொரு டிக்கெட்டோடும் என்னைக் கொடுத்த மனுஷன். தொண்டையைச் செருமினார். "எட்டு" என்றார். ஸ்டாப் சொல்கிற குரல் இல்லை, அதைவிடச் சின்னது, எனக்குக் கேட்கவில்லை. நடுவில் நின்ற பள்ளிக்கூடப் பெண் திரும்பி, "எட்டுங்காவக்கா" என்றாள். "ஒண்ணு." "ஒண்ணு." "முட்டை." "முட்டையாம்." "ஆறு. ரெண்டு. ஆறு." ஒவ்வொன்றும் நாலைந்து வாய் மாறி என்னிடம் வந்தது. விரல் வழுக்கி ஒரு இலக்கத்தைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சம்மதம் பதிவாகிவிட்டது என்று வந்தது. "ஆச்சாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆச்சு" என்றேன். அவள் பின்பக்கம் திரும்பி, "ஆச்சாம்" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். போனைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார். முன்னால் வரவில்லை. அங்கிருந்தே, என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மேல இருக்க பதினாறு பேருக்கும் கெடச்சிட்டா?" எப்படி அவருக்கு இதைக் கேட்கத் தோன்றியது? "தெரியலப்பா" என்றேன். அவர் டிக்கெட் மெஷினைத் துடைப்பதுபோல் உள்ளங்கையால் ரெண்டு தடவை தேய்த்தார். "கெடைக்கட்டும்" என்றார். இந்த ஒரு வார்த்தை பதினோரு நாளில் ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லை. பிறகு அவர் பக்கத்தில் நின்ற ஆளிடம், சத்தமே இல்லாத குரலில், எங்கே இறங்கணும் என்று மட்டும் கேட்டார்.